கபுகிக்குப் போகுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டோக்கியோவின் கின்சா பகுதியில் இருக்கும் கபுகிசா அரங்கில் ஆண்டு முழுவதும் ஜப்பானின் பாரம்பரிய நாடகமான கபுகி நடக்கிறது. இதைக் கேள்விப்பட்டவர்கள், எந்த நாள் போனாலும் பார்த்துவிடலாம் என்று நினைத்து, பயணத்தின் கடைசி நாட்களில் கபுகியைச் செருகி வைக்கிறார்கள். முதல் தவறு அங்கேயே நேர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு மாதத்து நிகழ்ச்சியும் மாதத் தொடக்கத்தில் ஆரம்பித்து 25, 26 தேதிகளோடு முடிந்துவிடும். இடையிலும் ஓரிரு நாள் அரங்குக்கு விடுமுறை உண்டு. மாதக் கடைசியில் போய் நின்றால் வாசல் கோபுரத்தையும் அடுத்த மாத விளம்பரப் பலகையையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே தேதியைச் சரிபார்த்துவிடுங்கள். பொது விற்பனை பெரும்பாலும் முந்தைய மாதத்தின் நடுவில் தொடங்கும். பெரிய நடிகர்கள் சேர்ந்து நடிக்கும் மாதங்களில் நல்ல இருக்கைகள் வேகமாகத் தீர்ந்துவிடும்.

மற்ற ஊர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. கியோத்தோவின் மினாமிசா புகழ்பெற்ற அரங்கு, காமோ ஆற்றங்கரையில் கம்பீரமாக நிற்கிறது. ஆனால் அங்கே மாதந்தோறும் கபுகி கிடையாது. அதன் பெரிய நிகழ்ச்சி டிசம்பரில் நடக்கும் 'காவொமிசே', அதாவது முகம் காட்டும் விழா. எடோ காலத்தில் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) நடிகர்களோடு அரங்குகள் ஓராண்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. பழைய நாட்காட்டியின் பதினோராம் மாதத்தில் அது தொடங்கும். இந்த ஆண்டு எங்கள் குழுவில் இன்னின்னார் இருக்கிறார்கள் என்று ஊருக்குக் காட்டவே அந்த விழா. இன்றும் மினாமிசாவின் முகப்பில் நடிகர்களின் பெயர்களைத் தடித்த வளைந்த எழுத்துகளில் எழுதிய மரப்பலகைகள் வரிசையாக ஏற்றப்படுகின்றன. உள்ளே போக டிக்கெட் கிடைக்காவிட்டாலும் அந்தப் பலகைகளைப் பார்ப்பதற்காகவே ஒரு மாலையில் நடந்து போகலாம்.

பழைய வழிகாட்டிப் புத்தகங்களை நம்பி டோக்கியோவின் தேசிய நாடக அரங்கைத் தேடிப் போகாதீர்கள். 1966இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம் புதுப்பித்துக் கட்டுவதற்காக 2023 அக்டோபர் இறுதியில் மூடப்பட்டுவிட்டது. அதன் நிகழ்ச்சிகள் வேறு அரங்குகளில் நடக்கின்றன. வசந்த காலத்தில் ஷிகொக்கு தீவுப் பக்கம் போகிறவர்கள் கொத்தொஹிரா ஊரின் கனமாருசாவைக் கேட்டு வையுங்கள். 1835இல் கட்டப்பட்ட மர அரங்கு அது. எஞ்சியிருக்கும் கபுகி அரங்குகளில் மிகப் பழையது. ஏப்ரலில் அங்கே நடக்கும் கொம்பிரா கபுகியில் தரையில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். சுழல்மேடையை இன்றும் ஆட்கள்தான் கீழிருந்து தள்ளுகிறார்கள்.

அடுத்த தவறு, ஒரு டிக்கெட் என்றால் ஒரு நாடகம் என்று எண்ணுவது. கபுகிசாவில் வழக்கமாகப் பகல் காட்சி 11 மணிக்கும் மாலைக் காட்சி 4.30 மணி வாக்கிலும் தொடங்கும். இடைவேளைகளையும் சேர்த்து ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம் ஓடும். அந்த நான்கு மணி நேரத்துக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று துண்டுகள் வரும். ஒரு பழைய வரலாற்று நாடகத்தின் நடு அங்கம், பிறகு ஒரு நடனம், கடைசியில் எடோ, அதாவது பழைய டோக்கியோ நகரத்து வணிகர்களைப் பற்றிய ஒரு கதை என்று அமைந்திருக்கும். இது தெரியாதவர்கள், முதல் பகுதியில் அழுத தாய் இரண்டாம் பகுதியில் எங்கே போனாள் என்று குழம்புகிறார்கள்.

ஏன் முழு நாடகத்தையும் போடுவதில்லை? முழுவதும் அவ்வளவு பெரியது. 1748இல் பொம்மலாட்டத்துக்காக எழுதப்பட்டு, உடனே கபுகிக்கு வந்த 'கனதெஹொன் சூஷின்குரா' பதினோரு அங்கங்கள் கொண்டது. 2025இல் மார்ச், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கபுகிசா மூன்று பெரும் நாடகங்களை, மாதத்துக்கு ஒன்றாக, ஏறக்குறைய முழுமையாகப் போட்டது. பகலும் மாலையும் உட்கார்ந்தால்தான் ஒன்றைப் பார்த்து முடிக்கலாம். அப்படிப்பட்ட மாதங்கள் அரியவை. முதன்முறை போகிறவர்களுக்கு நான்கு மணி நேரம் அதிகம் என்று தோன்றினால், நான்காம் மாடியில் ஒரே ஒரு அங்கத்துக்கு மட்டும் விற்கப்படும் டிக்கெட்டை வாங்கலாம். விலை மிகக் குறைவு. மேடை தொலைவில் தெரியும், கையில் ஒரு தொலைநோக்கி இருந்தால் போதும்.

கதையைத் தெரிந்துகொள்ளாமல் போவதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். முன்கூட்டியே படித்தால் சுவை கெட்டுவிடும் என்று சிலர் வேண்டுமென்றே தவிர்க்கிறார்கள். கபுகிக்கு அந்த நியாயம் செல்லாது. 'தெராகொயா' என்ற கிராமப் பள்ளிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நாடு கடத்தப்பட்ட அமைச்சரின் மகனை ஒரு ஆசிரியர் தன் பள்ளியில் ஒளித்து வைத்திருக்கிறார். அவன் தலையைக் கொண்டுவா என்று எதிரிகளிடமிருந்து ஆணை வருகிறது. வேறு வழியின்றி, அன்று காலைதான் புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுவனை அவர் பலி கொடுக்கிறார். தலையை அடையாளம் காண வந்திருக்கும் மட்சுவோமாரு எதிரியின் ஆள். பெட்டியைத் திறந்து பார்க்கிறான். இது அமைச்சரின் மகன் தலைதான் என்று சொல்லிவிட்டுப் போகிறான். பின்னால்தான் தெரிய வருகிறது, இறந்தவன் அவனுடைய சொந்த மகன். அமைச்சருக்குப் பட்ட கடனைத் தீர்க்க அவனே அனுப்பி வைத்த பிள்ளை.

இதைத் தெரிந்துகொள்ளாமல் பார்ப்பவர் கண்ணுக்கு, அந்தப் பெட்டி திறக்கும் காட்சியில் ஒரு முரட்டு வில்லன்தான் தெரிவான். தெரிந்து பார்ப்பவருக்கோ மூடியைத் தூக்கும் கையிலும், தாழ்ந்து மீளும் கண்ணிலும் ஒரு தகப்பன் தெரிவான். ஜப்பானிய ரசிகர்கள் முடிவு தெரிந்துதான் வருகிறார்கள். இந்த மாதம் இந்த நடிகர் அந்தக் கணத்தை எப்படிச் செய்கிறார் என்று பார்க்க வருகிறார்கள். அந்த மாதத்து நாடகங்களின் சுருக்கம் ஆங்கிலத்திலும் இணையத்தில் கிடைக்கிறது. அரை மணி நேரம் ஒதுக்கிப் படித்துவிட்டுப் போங்கள். ஆங்கிலக் குறிப்பு காட்டும் கருவி எந்த மாதம், எந்த இருக்கைகளுக்குக் கிடைக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. அதை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

இனி இருக்கை. விலையைப் பார்த்து, மேடைக்கு எவ்வளவு அருகில் என்று பார்த்து வாங்குகிறோம். கபுகியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: ஹனமிச்சி. பார்வையாளர்களின் இடப்பக்கமாக, அரங்கின் பின்கோடியிலிருந்து மேடைவரை இருக்கைகளின் ஊடாக வரும் நடைமேடை அது. முக்கியமான பாத்திரங்கள் அதன் வழியாகத்தான் வருவார்கள், போவார்கள். பின்கோடியிலிருந்து கணக்கிட்டால் ஏழு பங்கு தூரம் கடந்து, மேடைக்கு இன்னும் மூன்று பங்கு இருக்கும் இடத்தில் நடிகர் நிற்பார். வசனமும் நடனமும் பார்வையும் அங்கே நடக்கும். பேய்களும் மாயாவிகளும் மேலெழும்பி வரும் சிறு பொறிக்கதவும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

இரண்டாம், மூன்றாம் மாடிகளில் இடப்புற ஓரத்து இருக்கைகளுக்கு நேர் கீழே ஹனமிச்சி இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் அதன் பெரும்பகுதி கண்ணுக்கே படாது. கீழே எல்லோரும் திரும்பிப் பார்த்து ஆரவாரம் செய்யும்போது நீங்கள் வெறும் மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதே விலையில் வலப்புற ஓரம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். நடந்து வரும் நடிகரின் முகமே உங்கள் பக்கம் இருக்கும். கீழ்த்தளத்தில் ஏழு, எட்டு, ஒன்பதாம் வரிசைகள்தான் உத்தமம் என்பது பழைய ரசிகர்களின் வாக்கு. காசு குறைவாக இருந்தால் மூன்றாம் மாடி நடுப்பகுதியின் முன்வரிசைகளுக்கே நான் வாக்களிப்பேன். முந்தைய கட்டடத்தில் அங்கிருந்து ஹனமிச்சி சரியாகத் தெரியாது. 2013இல் திறந்த இப்போதைய கட்டடத்தில், நடிகர் நிற்கும் அந்த இடம் தெரியும்படி அமைத்திருக்கிறார்கள்.

நல்ல இருக்கை கிடைத்தும் ஹனமிச்சியைத் தவற விடுகிறவர்கள் உண்டு. அதன் பின்கோடியில் ஒரு திரை தொங்குகிறது. உலோக வளையங்கள் உரச 'சரீங்' என்ற ஓசையோடு அது விலகும். அந்த ஓசை கேட்டதும் திரும்புங்கள். மேடையில் என்ன நடந்துகொண்டிருந்தாலும் பரவாயில்லை, ஆள் வருகிறார் என்று அர்த்தம்.

திரை மூடியதும் எழுந்துகொள்வதுதான் அடுத்த தவறு. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்குக் கிளம்புகிறவர்களை நமக்குத் தெரியும். கபுகியில் அதைவிடப் பெரிய இழப்பு நேரும். 1840இல் ஏழாம் இச்சிகாவா டான்ஜூரோ முதலில் நடித்த 'கன்ஜின்சோ'வில் வீரன் யொஷிட்சுனே சுமைகூலி வேடத்தில் தப்பி ஓடுகிறான். துறவி வேடமிட்ட பென்கெய் அவனுக்குக் காவல். சோதனைச்சாவடித் தலைவன் தொகாஷி சந்தேகப்பட்டு, கோயில் திருப்பணிக்கு நன்கொடை திரட்டுவதாகச் சொன்னீர்களே, அந்த ஏட்டைப் படியுங்கள் என்கிறான். பென்கெய் ஒன்றும் எழுதாத சுருளை விரித்து, கணீரென்று படிக்கிறான். தொகாஷி எட்டிப் பார்க்கிறான். பென்கெய் சட்டென்று சுருளை மறைக்கிறான். இருவரும் அப்படியே உறைகிறார்கள். பிறகு சந்தேகத்தைத் தீர்க்கத் தன் தலைவனையே தடியால் அடிக்கிறான் பென்கெய். தொகாஷிக்கு உண்மை விளங்கிவிடுகிறது. தன் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் அவர்களை விட்டுவிடுகிறான்.

எல்லோரும் தப்பிப் போனதும் மேடையில் திரை மூடுகிறது. வெளிநாட்டுப் பார்வையாளர்களில் சிலர் அப்போதே பையைத் தேட ஆரம்பிப்பார்கள். ஆனால் பென்கெய் திரைக்கு வெளியே, ஹனமிச்சியில் தனியாக நிற்கிறான். மூச்சைச் சேர்த்துக்கொண்டு தலைவணங்குகிறான். தடியைத் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் காலில் எழும்பி, கைகளை விரித்து வீசி, பாய்ந்து பாய்ந்து நடைமேடை முழுவதையும் கடந்து மறைகிறான். அதுவரை கனத்த உடைகளோடு எழுபது நிமிடம் நடித்த ஒருவர் கடைசியாகச் செய்வது இது. ஹனமிச்சிக்கு அருகில் இருப்பவர்களுக்குப் பலகை அதிர்வது தெரியும். விளக்குகள் முழுதாக எரியும்வரை இருக்கையை விட்டு அசையாதீர்கள்.

அந்தப் பாய்ச்சலுக்குத் தாளம் போட்டுக் கைதட்டும் வழக்கம் அண்மைக் காலமாகப் பரவியிருக்கிறது. பழகிய ரசிகர்கள் பலர் அதை விரும்புவதில்லை. அடியெடுப்பின் வேகத்தை நடிகரே தீர்மானிக்க வேண்டும். இடையில் மூன்றாம் மாடியின் பின்னாலிருந்து 'நரிதாயா!', 'ஒதொவாயா!' என்று குரல்கள் வரும். அவை நடிகர் குடும்பங்களின் மனைப் பெயர்கள். நடிகர் கண்ணை உருட்டி உறைந்து நிற்கும் 'மியெ' என்ற நிலையில், வலப்புற ஓரத்தில் ஒருவர் மரக்கட்டைகளால் பலகையில் தட்டுவார். அந்தத் தட்டலின் இடைவெளியில் குரல் விழ வேண்டும். அரை நொடி தவறினால் அந்தக் கணமே சிதைந்துவிடும். உற்சாகத்தில் நாமும் கத்திப் பார்க்க வேண்டாம், கைதட்டலே போதும்.

உட்காரும் முறையிலும் கவனம் வேண்டும். மேல்மாடிகளில் முன்னால் சாய்ந்து எட்டிப் பார்த்தால் பின்வரிசைக்காரருக்கு மேடை பாதி மறைந்துவிடும். முதுகு நாற்காலியில் ஒட்டியே இருக்கட்டும். இடைவேளையில் இருக்கையிலேயே சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கலாம், அது அங்கே காலங்காலமான பழக்கம். அரங்கின் அடித்தளத்திலேயே, ஹிகாஷி கின்சா ரயில் நிலையத்தோடு ஒட்டிய கடைவீதியில் வாங்கிக்கொள்ளலாம். நாடகம் நடக்கும்போது மட்டும் எதையும் பிரிக்கக் கூடாது, படமும் எடுக்கக் கூடாது. கிமோனோ கட்டாயமில்லை.

கறுப்பு உடை உதவியாளர்கள் மேடையில் நடமாடுவதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரியாதவர்கள் என்பது ஏற்பாடு. பெண் வேடத்தில் வருபவர்களை வேடிக்கையாகப் பார்ப்பதும் அப்படித்தான். 1603 வாக்கில் இந்தக் கலையைத் தொடங்கியதே ஒகுனி என்ற பெண்தான். 1629இல் பெண்கள் மேடையேற அரசு தடை போட்டது, அதிலிருந்து ஆண்கள் அந்தப் பொறுப்பைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வருகிறார்கள். வயதும் அங்கே கணக்கில்லை. எழுபது வயதைத் தொட்ட பண்டோ தமாசபுரோ 2021இல் பதினேழு வயது இளவரசி சகுராவாக நடித்தார். அதைப் பார்த்தவர்கள் இன்றும் அதைப் பற்றியே பேசுகிறார்கள்.

ஒரு நடிகர் முன்னோரின் பெயரை ஏற்கும் விழா உங்கள் பயணத்தில் வாய்த்தால், 'கோஜோ' என்ற பகுதியைப் பேச்சுதானே என்று விட்டுவிடாதீர்கள். 2025 மே மாதம் எட்டாம் ஒனோயே கிக்குகொரோ பெயரேற்றபோது அவருடைய தந்தையான ஏழாமவரும் அதே பெயரைத் தொடர்ந்தார்; ஒரே மேடையில் இரண்டு கிக்குகொரோக்கள். நடிகர்கள் வரிசையாக மண்டியிட்டு, தலை தாழ்த்தி, ஒருவர்பின் ஒருவராக வாழ்த்துவார்கள். மொழி புரியாவிட்டாலும் அந்த வரிசையில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதே பாதி செய்தி.

எந்தத் தேதி நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது மாதத்தின் நடுப்பகுதி. முதல் சில நாட்களில் வசனம் எடுத்துக்கொடுக்க மறைவில் ஆள் இருப்பதும் உண்டு. பத்து நாள் ஓடியபின் நடிகர்களுக்குள் மூச்சு ஒன்றாகிவிடும். கடைசி நாளில் உணர்ச்சி கூடும், டிக்கெட் கிடைப்பது அரிதாகும். எந்த நாளானாலும் இறுதித் திரை மூடிய பிறகு நடிகர்கள் வந்து வணங்குவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். பொதுவாகக் கபுகியில் அந்த வழக்கம் இல்லை.