நகரத் திட்டமிடல் கோட்பாடுகள்: எதை, எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?

ஒரு பகுதிக்குத் திட்டம் வரைய உட்காருபவர்கள் பலர், பிடித்த கோட்பாட்டை முதலில் எடுத்துவிட்டு அதற்குப் பொருந்தும் பிரச்சினையைப் பிறகு தேடுகிறார்கள். வரிசையை மாற்றினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் கோட்பாடுகளை மூன்று கட்டாகப் பிரித்து வையுங்கள். நகரம் எப்படி வளர்ந்தது என்று விளக்குபவை ஒரு கட்டு: சிகாகோவைப் பார்த்து பர்ஜெஸ் 1925-ல் சொன்ன வட்ட வளையங்கள் (மையத்தைச் சுற்றி வளையம் வளையமாக விரியும் நகரம்), ஹாய்ட்டின் துறை மாதிரி (1939; மையத்திலிருந்து ஆப்பு வடிவில் வெளியே நீளும் பகுதிகள்), ஹாரிஸும் உல்மனும் முன்வைத்த பல்மையக் கோட்பாடு (1945; ஒன்றல்ல, பல மையங்களைச் சுற்றி வளரும் நகரம்). இவற்றைத் தேர்வுத்தாளில் எழுதலாம், நிலவாடகை ஏன் இங்கே ஏறுகிறது என்று புரிந்துகொள்ளலாம். வரைபடத்தில் வளையம் போட்டு ‘இனி இப்படித்தான் வளர வேண்டும்’ என்று கட்டளையிட இவை உதவாது. நகரம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்பவை இரண்டாவது கட்டு; கீழே வரும் ஜேக்கப்ஸ், பெர்ரி, ஹோவர்ட் ஆகியோரின் கோட்பாடுகள் இதில் சேரும். யார் முடிவெடுப்பது என்று பேசுபவை மூன்றாவது.

அடுத்தது கள ஆய்வு. நகரத் திட்டமிடல் முன்னோடி பாட்ரிக் கெடிஸ் வலியுறுத்தியதும் இதைத்தான்: திட்டத்துக்கு முன் ஆய்வு. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் சதுரத்தை எடுத்துக்கொண்டு மூன்றை அளந்தால் போதும்.

தெருச் சந்திப்புகளை எண்ணுங்கள். 100 மீட்டர் இடைவெளியில் தெருக்கள் இருந்தால் அந்தச் சதுரத்தில் சுமார் 100 சந்திப்புகள் வரும். இடைவெளி 200 மீட்டர் ஆனால் எண்ணிக்கை பாதியாகாது, 25-ஆகக் குறைந்துவிடும். சந்திப்புகள் கூடினால் நடப்பவருக்கு வழிகளும் கூடும். சிறிய மனைத்தொகுதிகள் (நான்கு பக்கமும் தெரு சூழ்ந்த கட்டடத் தொகுதிகள்) வேண்டும் என்று நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961-ல் ஏன் அடித்துச் சொன்னார் என்பது இங்கேதான் விளங்கும்.

பிறகு, பேருந்து நிறுத்தத்திலிருந்து 400 மீட்டர் வட்டம் போடுங்கள். ஐந்து நிமிட நடை என்பது வழக்கமான கணக்கு. ஆனால் வட்டத்தை நம்பி நின்றுவிடக் கூடாது. வட்டத்தின் விளிம்பில் உள்ள ஒரு வீட்டு வாசலிலிருந்து உண்மையில் நடந்து பாருங்கள். முட்டுச்சந்தும் சுற்றுச்சுவரும் சேர்ந்து அதை 900 மீட்டர் ஆக்கியிருந்தால், அந்த வீடு நிறுத்தத்துக்கு அருகில் இருப்பதாகச் சொல்வதில் அர்த்தமில்லை. நடைதூரத்தை நேர்தூரத்தால் வகுத்து 1.5-க்கு மேல் வந்தால், புதிய சாலைக்கு முன் சுவரில் ஒரு வழி திறக்க முடியுமா என்று பாருங்கள்.

மூன்றாவது, அடர்த்தி. அதிகமானவர்கள் சறுக்குவது இங்கேதான். கிளாரன்ஸ் பெர்ரியின் அண்டை அலகை (1929), அதாவது ஒரு பள்ளியைச் சுற்றி அமையும் குடியிருப்புப் பகுதியை, எடுத்துக்கொள்வோம்: 160 ஏக்கர், அதாவது ஏறத்தாழ 65 ஹெக்டேர், நடுவில் தொடக்கப்பள்ளி, ஓரங்களில் பெரிய சாலைகளும் கடைகளும். அங்கே 6,000 பேர் வசித்தால், எல்லா நிலத்தையும் சேர்த்துப் பார்க்கும் மொத்த அடர்த்தி ஹெக்டேருக்கு 92 பேர். வீட்டுமனைகள் பாதி நிலத்தில் மட்டும் இருந்தால், அந்த மனைகளை மட்டும் கணக்கில் எடுக்கும் நிகர அடர்த்தி 185. இரண்டு எண்களும் சரியே. ஒரு பகுதியின் மொத்த அடர்த்தியை இன்னொரு பகுதியின் நிகர அடர்த்தியோடு ஒப்பிட்டால் மட்டும் திட்டம் முழுக்கப் பிழையாகிவிடும்.

அடர்த்தி என்றாலே உயரம் என்றும் நினைக்க வேண்டாம். தளப்பரப்புக் குறியீடு (எல்லா மாடிகளின் மொத்தப் பரப்பை மனைப்பரப்பால் வகுத்த எண், FSI) 2 என்று வையுங்கள். மனையில் பாதியை மூடிக் கட்டினால் நான்கு மாடி, ஐந்தில் ஒரு பங்கை மட்டும் மூடினால் பத்து மாடி. தளப்பரப்பு ஒன்றே. முதலாவதில் வாசல்கள் தெருவைப் பார்க்கும். ஜேக்கப்ஸ் கேட்ட ‘தெருவைக் கவனிக்கும் கண்கள்’ கிடைக்கும். இரண்டாவது, கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே கனவு கண்ட பூங்காவுக்குள் கோபுரம். கோபுரங்களுக்கு இடையில் மிஞ்சும் நிலத்தைப் பராமரிக்க ஆளும் பணமும் தொடர்ந்து வருமா என்பதை வரைவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இப்படிக் கட்டிய ப்ரூயிட்-ஐகோ அரசுக் குடியிருப்பில் 11 மாடிக் கட்டடங்கள் 33 இருந்தன. 1972-ல் இடிக்கத் தொடங்கினார்கள். பழியைக் கட்டடக்கலை மீது மட்டும் போடுவது சோம்பேறித்தனம். அந்த நகரத்தின் மக்கள்தொகையே சரிந்துகொண்டிருந்தது, பராமரிப்புக்குப் போதிய பணமும் இல்லை.

அளந்த பிறகு பொருத்துங்கள். சந்திப்புகள் குறைவு, மாலைக்குப் பிறகு தெரு வெறிச்சோடுகிறது என்றால் ஜேக்கப்ஸிடம் போகலாம்: கலப்புப் பயன்பாடு, சிறு தொகுதிகள், பழைய கட்டடங்களும் கலந்திருத்தல், போதிய அடர்த்தி. நான்கும் சேர்ந்தால்தான் பலன் என்பது அவர் வாதம். தரைத்தளத்தில் கடைக்கு அனுமதி கொடுத்துவிட்டு, அடர்த்தியைத் தொடாமல் விட்டால் கடைக்கு ஆள் வராது.

வெளியூர்க்காரர் வழி தெரியாமல் திணறுகிறார் என்றால் கெவின் லிஞ்சின் ஐந்து கூறுகள் (1960): பாதை, விளிம்பு (சுவர், ஆறு போன்ற எல்லை), பகுதி, முனை (சந்திப்பு போல ஆட்கள் கூடும் இடம்), அடையாளச் சின்னம். பத்துப் பேரிடம் வெற்றுத்தாள் கொடுத்து ஊரை வரையச் சொல்லுங்கள். யாருமே வரையாத இடம்தான் உங்கள் வேலை தொடங்க வேண்டிய இடம்.

பெர்ரியையும் ஜேக்கப்ஸையும் யோசிக்காமல் கலப்பதும் அடிக்கடி நடக்கிறது. பெரிய சாலையை எல்லையாக்கி உள்ளே அமைதியைக் காப்பது ஒருவர் நோக்கம். தெருக்கள் தொடர்ந்து ஓடி எல்லாம் கலக்க வேண்டும் என்பது மற்றவர் நோக்கம். இரண்டும் வேண்டுமென்றால் வாகனத்துக்கு எல்லை போட்டு, நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் வழியைத் திறந்துவிடுங்கள்.

தோட்ட நகரம் என்ற பெயர்தான் மிக அதிகமாகக் களவு போனது. எபனேசர் ஹோவர்ட் 1898-ல் போட்ட கணக்கு 6,000 ஏக்கர். அதில் நகரம் 1,000 ஏக்கர் மட்டுமே, மீதி வேளாண் நிலம். நகரத்தில் 30,000 பேர், அங்கேயே வேலை, நிலம் சமூகத்தின் கையில், மதிப்பு உயர்ந்தால் அந்த வருமானம் ஊருக்கே. இங்கிலாந்தில் 1903-ல் தொடங்கிய லெட்ச்வொர்த் இந்த எண்ணத்தில் பிறந்தது. நில உடைமையையும் வேலையையும் விட்டுவிட்டுப் புல்வெளியை மட்டும் எடுத்துக்கொண்டால் கிடைப்பது வெறும் புறநகர்.

கடைசியாக மூன்றாவது கட்டு, யார் முடிவெடுப்பது என்பது. முடிவெடுப்பதில் மக்களுக்கு எவ்வளவு அதிகாரம் என்று காட்டும் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீனின் பங்கேற்பு ஏணிக்கு (1969) எட்டுப் படிகள்; மேலே போகப் போக அதிகாரம் கூடும். கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவது நான்காவது படி. அவர் கணக்கில் அது இன்னும் ஒப்புக்கான பங்கேற்புதான். கூட்டத்துக்கு முடிந்துபோன ஒரே வரைபடத்தோடு போகாதீர்கள். இரண்டு மாற்று வரைவுகளைக் கொண்டுபோய், எது மாறக்கூடியது, எது சட்டத்தாலோ நிதியாலோ மாற்ற முடியாதது என்று வெவ்வேறு நிறத்தில் குறித்துக் காட்டுங்கள். வந்த ஆட்சேபங்களில் எதை ஏற்றீர்கள், எதை ஏன் விட்டீர்கள் என்று எழுத்தில் வெளியிடுங்கள்.

செயல்படுத்தும்போது, ஒரே பாய்ச்சலில் போகாமல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்கும்படி அரசியல் அறிஞர் லிண்ட்புளோம் 1959-ல் சொன்ன சிறுசிறு அடிகள் கைகொடுக்கும். ஒரு தெருவில் பெயிண்ட்டும் தற்காலிகத் தடுப்பும் வைத்துச் சோதியுங்கள். முன்பு நடப்பவர்களை எண்ணிய அதே கிழமை, அதே மணி நேரத்தில் மறுபடி எண்ணுங்கள். பக்கத்துத் தெருவிலும் எண்ணத் தவறாதீர்கள், நெரிசல் அங்கே இடம் மாறியிருக்கலாம்.