ஃப்ரீலான்சரா, ஊழியரா: பிரித்துப் பார்ப்பது எப்படி?

"இவர் ஊழியர் அல்ல" என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும் என்று பல நிறுவனங்கள் நம்புகின்றன. தகராறு வரும்போது அந்த வரி பெரும்பாலும் நிற்பதில்லை. ஒப்பந்தத்தில் என்ன பெயர் இருந்தாலும், வேலை எப்படி நடக்கிறது, பணம் எப்படிப் போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்கிறது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 198-ஆம் பரிந்துரை (2006).

எனவே ஒப்பந்தத்தை ஒதுக்கிவிட்டு, கடைசி மூன்று மாத மின்னஞ்சல்கள், ஷிப்ட் பட்டியல், பில்களை எடுங்கள். வேலை நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள்? லேப்டாப்பும் மென்பொருளும் யாருடையவை? மாதாமாதம் ஒரே தொகையா, முடித்த வேலைக்கு மட்டும் பணமா? வேலை கெட்டால் நட்டம் யாருக்கு? அவருடைய வருமானத்தில் பெரும்பகுதி உங்களிடமிருந்துதான் வருகிறதா? எந்த ஒரு பதிலும் தனியாக முடிவைச் சொல்லாது; பெரும்பாலானவை ஒரே பக்கம் சாய்ந்தால்தான் பொருள்.

அதிகம் ஏமாற்றுவது "தனக்குப் பதில் வேறு ஆளை அனுப்பலாம்" என்ற விதி. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2023-இல் உணவு டெலிவரி நிறுவனமான டெலிவரூவின் ஓட்டுநர்களுக்கு வேலை உறவு இல்லை என்று சொன்னதற்கு இந்த உரிமையே முக்கியக் காரணம். அங்கே அது தடையின்றி நடைமுறையில் இருந்தது. ஒருவர்கூடப் பயன்படுத்தாத, கேட்டால் மேலாளர் மறுத்துவிடும் விதிக்கு அந்த மதிப்பு கிடையாது. அதே நீதிமன்றம் 2021-இல் ஊபர் ஓட்டுநர்களை, ஊழியருக்கும் சுயதொழிலருக்கும் இடைப்பட்ட 'தொழிலாளர்' வகையில் வைத்தது. இந்த நடு வகை எல்லா நாட்டிலும் இல்லை; உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாகப் பிசகுவது தொடக்கத்தில் அல்ல. வேலை முடிந்ததும் போக வேண்டியவரை "இன்னும் ஒரு மாதம்" என்று நீட்டிப்பார்கள். பிறகு தினசரி மீட்டிங், விடுப்புக்கு அனுமதி, நிறுவன மின்னஞ்சல் முகவரி எல்லாம் ஒட்டிக்கொள்ளும். மனிதவளத் துறைக்குத் தெரியாமலே டீம் லீட் இதைச் செய்துவிடுவார். அதனால் ஒவ்வொரு நீட்டிப்பும் மனிதவளத் துறை வழியாகவே போகட்டும். அப்போதெல்லாம் மேலே சொன்ன கேள்விகளைத் திரும்பக் கேளுங்கள்.

பதில்கள் ஊழியர் பக்கம் சாய்ந்தால் வழி இரண்டு: நியமன ஆணை கொடுத்துப் பணியில் சேர்த்துக்கொள்வது, அல்லது கட்டுப்பாட்டை உண்மையாகவே விடுவது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் ஷிப்ட் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டு, எதை, எந்தத் தேதிக்குள், எந்தத் தரத்தில் தர வேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள். இப்படி மாற்றினாலும், கடந்த மாதங்களுக்கான விடுப்பு, சமூகப் பாதுகாப்புத் தொகை போன்ற கோரிக்கைகள் பின்னால் எழலாம். அவற்றைத் தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் தனியாகக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.