பூனைக்குட்டி என்ன கலர், என்ன பேட்டர்ன்னு எப்படி கண்டுபிடிக்கிறது

குட்டி பொறந்த மறுநாளே ஃபோட்டோ எடுத்து அனுப்பி இது என்ன கலர்னு கேப்பாங்க, பதில் சொல்லவே பயமா இருக்கும், ஏன்னா அந்த வயசுல தெரியுற கலரை நம்ப முடியாது. எங்க வீட்ல ஒண்ணு வெள்ளி மாதிரி பொறந்துச்சு, ஆசையா சாம்பல்னே பேரும் வச்சாச்சு, சில மாசத்துல அடியிலேர்ந்து கறுப்பு முடியா முளைச்சு இப்போ அட்டக்கரி, பேரு மட்டும் சாம்பல். தாய்ப்பூனைக்கு சினையா இருக்கும்போது காய்ச்சலோ பெரிய ஸ்ட்ரெஸ்ஸோ வந்தா குட்டியோட முடியில நிறமி சரியா இறங்காது, இதுக்கு ஃபீவர் கோட்னு பேரு, புது முடி வந்ததும் தானா போயிடும். அதனால ஒரு எட்டு வாரமாவது பொறுங்க.

பாக்கும்போது முதல்ல வெள்ளையை கண்ணுலேர்ந்து தள்ளிடுங்க. வெள்ளைத் திட்டு இருக்குற இடத்துக்கு நிறமி செல் போய்ச் சேரல, அவ்ளோதான், அதை கடைசியில பேசிக்கலாம். மிச்ச முடி கறுப்பு வகையா செவலை வகையா? பூனைக்கு மொத்தமே இந்த ரெண்டு நிறமி தான். அப்புறம் அது அடர்த்தியா இருக்கா இல்ல தண்ணி ஊத்தி கலக்குன மாதிரி வெளிறி இருக்கான்னு பாருங்க. கறுப்பு வெளிறினா சாம்பல், பூனை வளக்குறவங்க அதை ப்ளூன்னு தான் சொல்வாங்க. செவலை வெளிறினா க்ரீம். சாக்லேட், சின்னமன்னு கறுப்புலயே ரெண்டு மாறுபாடு உண்டு, அதுங்க வெளிறினா லைலாக், ஃபான், ஆனா கலப்புப் பூனைங்க கிட்ட இதெல்லாம் அபூர்வம். வெயில்ல கிடந்து துருப்பிடிச்ச மாதிரி ஆன கறுப்புப் பூனையை சாக்லேட்னு நினைச்சு ஏமாறுறவங்க தான் நிறைய, மூக்கும் பாதத்து மெத்தையும் கறுப்பா இருந்தா அது கறுப்பு தான்.

அடுத்தது வரி. நெத்தியில எம் எழுத்து மாதிரி கோடு, கண்ணைச் சுத்தி மை தீட்டுன மாதிரி, காதோட பின்பக்கம் கட்டைவிரல் வச்ச மாதிரி வெளுப்பு, இதெல்லாம் இருந்தா டேபி. டேபின்னா ஏதோ ஜாதின்னு நினைக்கிறாங்க, இல்லைங்க, அது பேட்டர்ன் பேரு. விலாவுல மீன் முள்ளு மாதிரி மெல்லிசா நெட்டுக் கோடு இறங்கினா மேக்கரல், அகலமா சுழிச்சுக்கிட்டுப் போனா கிளாசிக், புள்ளி புள்ளியா இருந்தா ஸ்பாட்டட். உடம்புல வரியே இல்லாம ஒவ்வொரு முடியும் வெளுப்பு கறுப்புன்னு மாறி மாறி பட்டை போட்டிருந்தா டிக்டு, முடியை ஊதி விலக்கிப் பாத்தா தெரியும். இங்க தான் எல்லாரும் சறுக்குவாங்க: கறுப்புக் குட்டிக்கு வெளிச்சத்துல பாத்தா லேசா வரி தெரியும், அதை வச்சு டேபின்னு எழுதிடாதீங்க, அது பேய் வரி, வளர வளர மறைஞ்சிடும். காதுக்குப் பின்னாடி வெளுப்பு இல்லேன்னா டேபி இல்ல. செவலைக்கு மட்டும் இந்த ரூல் செல்லாது, வரியை மறைக்கிற ஜீன் செவலை நிறத்து மேல வேலை செய்யாது, அதனால எல்லா செவலைக்கும் கொஞ்சமாவது வரி தெரியும்.

கறுப்பும் செவலையும் ஒரே உடம்புல கலந்திருந்தா டார்ட்டி, கூட வெள்ளையும் சேந்தா கேலிகோ, டார்ட்டியோட கறுப்புப் பகுதியில வரி இருந்தா டார்பி. இதுங்க கிட்டத்தட்ட எல்லாமே பொட்டை தான். செவலை ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, கடுவனுக்கு ஒரு எக்ஸ் தான், அதனால ஒண்ணு கறுப்பு இல்லேன்னா செவலை. பொட்டைக்கு ரெண்டு, ஒவ்வொரு செல்லும் அதுல ஒண்ணை அணைச்சிடும், எது அணையும்னு கணக்கே கிடையாது, அதனால தான் ஒரே உடம்புல ரெண்டு கலரும் கலந்து வருது. 2001ல ஒரு கேலிகோவோட செல்லை எடுத்து குளோன், அதாவது அதே ஜீன் உள்ள நகல், பண்ணாங்க, பொறந்த குட்டி சிசிக்கு செவலையே வரல, வரியும் வெள்ளையும் மட்டும். கேலிகோ கடுவன்னு யாராவது காட்டினா முதல்ல வாலைத் தூக்கி இன்னொரு தடவை பாருங்க, பெரும்பாலும் பொட்டையா தான் இருக்கும், நிஜமாவே கடுவன்னா வழக்கமா கூடுதல் எக்ஸ் இருக்கும்.

இப்போ வெள்ளை. நெஞ்சும் பாதமும் மட்டும்னா டக்ஸிடோ, பாதிக்குப் பாதின்னா பைகலர், தலையிலயும் வாலுலயும் மட்டும் கலர் ஒட்டியிருந்தா வேன். முழு வெள்ளைக் குட்டிக்கு தலை உச்சியில சின்னதா ஒரு திட்டு இருக்கும் சில சமயம், அது தான் வெள்ளைக்கு அடியில ஒளிஞ்சிருக்குற நிஜக் கலர், பெருசானா போயிடும், அதுக்குள்ள ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

ஆனா வெள்ளையா பொறந்ததெல்லாம் வெள்ளை இல்ல. சயாமீஸ் ஜாதி மாதிரி பாயிண்ட் குட்டிங்க, அதாவது உடம்பு வெளுத்து ஓரங்கள் மட்டும் கறுக்குற வகை, தாய் வயித்து சூட்டுல நிறமி உருவாகாததால வெளுப்பா தான் பொறக்கும், வெளிய வந்தப்புறம் குளுந்த இடமான காது நுனி, மூக்கு, வால், பாதம் மெல்ல கறுக்கும். சில வாரம் காது ஓரத்தை பாத்துக்கிட்டே இருங்க, அழுக்கு மாதிரி ஒரு நிழல் விழுந்தா அது அழுக்கு இல்ல, துடைக்காதீங்க.

பேர் எழுதும்போது கலர், பேட்டர்ன், வெள்ளைங்கிற வரிசை, ப்ளூ மேக்கரல் டேபி அண்ட் ஒயிட், இப்படி. சாம்பலா இருக்குறதுக்காக ரஷ்யன் ப்ளூன்னு மட்டும் எழுதிடாதீங்க, அது ஜாதி பேரு.