ரேடியேட்டர் மாற்றும்போது தண்ணீரை மட்டும் பார்த்தால் போதாது

ஆரல்வாய்மொழி கணவாயில் ஆடி மாதக் காற்று எப்படி அடிக்கும் என்று நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தலில் இத்தனை காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். என் காரின் நோயைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் அந்தக் காற்றுதான்.

1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் கார், வயது இருபதை நெருங்குகிறது. புது அலுமினிய ரேடியேட்டர் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு நோக்கிப் போனால் ஹீட் ஏறும். அதே வேகம், அதே ஏசி, திரும்பி வரும்போது இறங்கிவிடும். "ரேடியேட்டர் டூப்ளிகேட்டா இருக்கும் மக்கா" என்றான் நண்பன். டூப்ளிகேட் இல்லை. போகும்போது காற்று முதுகில் அடிக்கிறது. கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட, பின்னாலிருந்து 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், கிரில்லுக்குக் கிடைப்பது மிச்சமுள்ள 40 மட்டுமே. திரும்பும்போது அது 120 ஆகிவிடும். முன்னால் காற்று குறையும் நேரத்தில் கைகொடுக்க வேண்டியது ஃபேன். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவர், அதாவது ஷ்ரவுட், இல்லை. புது ரேடியேட்டர் தடிமனாக இருந்ததால் ஷ்ரவுட் உட்காரவில்லை. ஒர்க்‌ஷாப்பில் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார்கள். நான் கேட்டுப் போனபோது ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்குப் போட்டாச்சு என்றார்கள்.

ரேடியேட்டர் வாங்கும்போது எல்லோரும் தண்ணீரைப் பற்றியே யோசிக்கிறோம்: எத்தனை லிட்டர் பிடிக்கும், எத்தனை வரிசைக் குழாய். தண்ணீர் சூட்டைச் சுமந்து வரும் கூலியாள்தான். அதை இறக்கி வாங்கிக்கொள்வது காற்று. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி இதை மறப்பதால் வருபவை.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் பெர்ஃபார்மன்ஸ் கார் என்றால் ஆளாளுக்கு ஃபெராரி வைத்திருக்கவில்லை. பழைய ஆக்டேவியா ஆர்எஸ், போலோ ஜிடி டிஎஸ்ஐ, செடியா, பழைய சிட்டி விடெக், ரீமேப் செய்த (எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றிப் பவர் கூட்டிய) ஏதாவது ஒரு டர்போ. எரிகிற பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, எஞ்சினுக்குள் ஓடிக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டில்தான் வந்து இறங்குகிறது. பவரைக் கூட்டினால் அதுவும் கூடும். ஆகவே பெரிய ரேடியேட்டர் வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. அவசரப்படுவதில்தான் கோளாறு.

நோயைப் பார்க்காமல் மருந்து வாங்குவது

ஹீட் ஆகிறது என்றவுடன் ரேடியேட்டரைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறோம். எப்போது ஹீட் ஆகிறது என்று முதலில் பாருங்கள். மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் ஊரும்போது மட்டும் ஏறி, சாலை திறந்ததும் இறங்கினால், சந்தேகம் ஃபேன், ரிலே, ஷ்ரவுட் மேல்தான். புது ரேடியேட்டர் அங்கே ஒன்றும் செய்யாது. மாறாக, வேகமெடுத்து ஓட்டும்போது ஏறி, மெதுவாகப் போனால் இறங்கினால், கோர் (குழாய்களும் ஃபின் எனப்படும் மெல்லிய தகடுகளும் சேர்ந்த ரேடியேட்டரின் நடுப்பகுதி) அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப் தளர்ந்திருக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழலி) உள்ள பம்புகளில் இறக்கை உடைந்தோ தண்டில் வழுக்கியோ போவதுண்டு. வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது.

காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகி, எக்ஸ்பான்ஷன் டேங்கில் (சூட்டில் விரியும் கூலன்ட்டுக்கான டப்பா) குமிழி விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கட்டை, அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்பைப் பாருங்கள். ரேடியேட்டருக்கு வைத்திருந்த பணத்தைத் தொடாதீர்கள்.

இன்னொன்று, டேஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில் முள் 90-ல் சிலை மாதிரி நிற்கும். உள்ளே வெப்பம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அசையாது. அது நகரும்போது விஷயம் முற்றியிருக்கும். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் சின்ன ஓபிடி ரீடர் ஒன்று வாங்கிப் போனில் இணைத்தால் உண்மையான எண் தெரியும். ரேடியேட்டர் மாற்றுவதற்கு முன்னால் ஒரு வாரம், மாற்றிய பிறகு ஒரு வாரம் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் செலவு செய்ததால் குணமான மாதிரி தோன்றும்.

தடிமன் மோகம்

கடைக்காரர் 52 மில்லிமீட்டர் கோரைத் தூக்கிக் காட்டும்போது கண் விரியத்தான் செய்யும். ஆனால் கோர் தடிக்கத் தடிக்க, முன் வரிசையைத் தாண்டி வரும் காற்று ஏற்கெனவே சூடாகிவிடுகிறது. பின் வரிசைக் குழாய்க்குக் கிடைப்பது வெந்த காற்று. போதாததற்குத் தடித்த கோர் காற்றை மறிக்கவும் செய்கிறது. நெரிசலில் ஒரு சின்ன ஃபேன் அதற்குள் இழுத்துத் தீராது. காற்று நேராகப் படும் முகப்பின் அகலமும் உயரமும் கூடினால் கிடைக்கும் பலன், தடிமன் கூடினால் கிடைப்பதில்லை. இடம் இருந்தால் முகப்பைக் கூட்டுங்கள். இல்லையென்றால் பழையதைவிடக் கொஞ்சம் மட்டும் தடித்த, ஒழுங்காகச் செய்த கோர் போதும். தினமும் தக்கலை வழியாக வேலைக்குப் போய் வரும் காருக்கு ரேஸ் டிராக் ரேடியேட்டர் எதற்கு?

முழு அலுமினியம் என்பதற்காகவே மயங்கவும் வேண்டாம். கம்பெனி ரேடியேட்டரில் கோர் அலுமினியமாகவும் இரு பக்க டேங்க் பிளாஸ்டிக்காகவும் இருக்கும். வயதாகி வெடிப்பது பெரும்பாலும் அந்த பிளாஸ்டிக்கோ அதை மடக்கிப் பிடித்திருக்கும் விளிம்போதான். பவர் கூட்டாத காருக்கு அதே மாதிரி நல்ல புது ரேடியேட்டர் ஒன்று பல வருடம் உழைக்கும். முழு அலுமினியம் எடுத்தால் டேங்க் ஓரத்து வெல்டிங்கை விரலால் தடவிப் பாருங்கள். ஒரே சீராக, அடுக்கிய காசுகள் சாய்ந்த மாதிரி இருந்தால் நல்லது. குமிழும் பள்ளமுமாக இருந்தால் அங்கேதான் ஒழுகும்.

வாங்குவதற்கு முன் பழையதைப் பக்கத்தில் படுக்கவைத்து ஒப்பிட மறக்காதீர்கள். மேல் கீழ் பைப்பின் விட்டம், கோணம், கீழே உட்காரும் முளை, எல்லாம் பார்க்க வேண்டும். பல கார்களில் ஃபேனைக் கிளப்பும் தெர்மோ சுவிட்ச் ரேடியேட்டரிலேயே திருகியிருக்கும். புதியதில் அதற்கு மரை இல்லையென்றால், பட்டன் வைத்து டிரைவரே ஃபேன் போடும் ஏற்பாட்டில் போய் முடியும். ஒரு நாள் மறப்பீர்கள். எக்ஸ்பான்ஷன் டேங்குக்குப் போகும் சின்னக் காற்றுக் குழாய்க்கு மூக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஸ்குரூவை அடைத்து அனுப்பிவிடுவார்கள். ஏர் லாக், அதாவது உள்ளே காற்று அடைபடுவது, தீரவே தீராது. ஆட்டோமேட்டிக் கார் என்றால் கியர் ஆயில் கூலர் பழைய ரேடியேட்டருக்குள்ளேயே இருந்திருக்கலாம், புதியதிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஷ்ரவுட், ஸ்பாஞ்ச், இன்டர்கூலர்

ஷ்ரவுட் இல்லாத ஃபேன் தனக்கு நேர் எதிரே உள்ள வட்டத்தில் மட்டும் காற்றை இழுக்கும். நான்கு மூலையும் சும்மா கிடக்கும். என் காரில் அதைப் பார்த்த விதம் சுலபம். காரை நிறுத்தி, ஃபேன் ஓடும்போது கிரில் வழியாக, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி கண்டன்சரின் மேல் ஒரு துண்டு தினத்தந்தித் தாளை வைத்தேன். நடுவில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது. மூலைக்கு நகர்த்தினேன், கீழே விழுந்தது. கோட்டாறில் அலுமினியத் தகடு வாங்கி, தெரிந்த ஒருவரிடம் வெட்டி மடக்கி ஷ்ரவுட் செய்த பிறகு, மூலையிலும் ஒட்டியது.

தாள் ஒட்டாமல் வெளியே தள்ளப்பட்டால் ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. வயர் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். சாலையில் வரும் காற்றும் ஃபேன் தள்ளும் காற்றும் மல்லுக்கட்டும்.

ரேடியேட்டரின் ஓரத்தில் கம்பெனி ஒட்டியிருக்கும் கறுப்பு ஸ்பாஞ்சை அழுக்கு என்று நினைத்துப் பிய்த்து எறிவதும் நடக்கிறது. காற்றும் மனிதனைப் போலத்தான், சுலபமான வழி இருந்தால் அதில்தான் போகும். கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் ஓரத்தில் இடைவெளி இருந்தால் கோருக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். எஞ்சினுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றிப் போடுவதும் இதே ரகம். உள்ளே வந்த சூடான காற்று வெளியேறும் வழியை அது ஒழுங்குபடுத்துகிறது.

டர்போ காருக்கு முன்னால் பெரிய இன்டர்கூலர் (டர்போ அழுத்தும் காற்றைக் குளிர்விப்பது) போடுபவர்கள் கவனிக்க. பம்பர் இடைவெளியில் வெள்ளி மாதிரி மின்னுவது அழகுதான், ஆனால் ரேடியேட்டரின் முகத்தை அது மறைக்கிறது. அது போட்ட பிறகு ஹீட் கூடினால் ரேடியேட்டரைத் திட்டிப் பயனில்லை.

மாட்டும் விதம்

ரேடியேட்டர் ரப்பர் புஷ்ஷில் மிதக்க வேண்டிய சாமான். எஞ்சினும் சேஸியும் அதிரும்போது அதுவும் சற்றே ஆடும். ரப்பர் விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு, புஷ் கிடைக்கவில்லை என்று இரும்புப் பட்டையால் நேரடியாக போல்ட் போட்டு இறுக்கியதைப் பார்த்திருக்கிறேன். நம்ம உள்ரோட்டுக் குழிகளில் ஒரு மழைக்காலம் ஓடினால் டேங்க் ஓரம் விரியும்.

ஃபேனை கோருக்குள் பிளாஸ்டிக் டை விட்டு இழுத்துக் கட்டுவது இன்னொரு அநியாயம். வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு மாதக்கணக்காக அந்த டை குழாயை அரம் போலத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

எஞ்சின் சூடான பிறகே ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு தெர்மோஸ்டாட். அதைக் கழற்றுவது பற்றி ஒரு வார்த்தை. "நம்ம ஊர் சூட்டுக்கு அது எதுக்கு அண்ணே" என்று கேட்டுக்கொண்டே தூர எறிவார்கள். பைபாஸ் (ரேடியேட்டரைத் தொடாமல் தண்ணீர் சுற்றும் குறுக்கு வழி) உள்ள எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் பைபாஸ் மூடும். அதை எடுத்துவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். மற்றவற்றில் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும். ரேடியேட்டர் மாற்றும் நாளிலேயே புதிய தெர்மோஸ்டாட், புதிய மூடி இரண்டையும் போட்டுவிடுங்கள்.

மூடி சின்ன விஷயம் இல்லை. பாதிக்குப் பாதி கூலன்ட் கலவை சாதாரணமாக 107, 108 டிகிரியில் கொதிக்கும். 1 பார் அழுத்தத்தில் பிடித்து வைத்தால் 125 டிகிரி தாண்டியும் கொதிக்காது. மூடியின் ஸ்பிரிங் சோர்ந்துபோனால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதற்காக அதிக அழுத்த மூடி போட்டு ஹீட்டைச் சரிசெய்யலாம் என்று நினைத்தால், அடுத்து பலவீனமான ஹோஸ் எது என்று அது காட்டிக்கொடுக்கும்.

என்ன ஊற்றுவது

கடலோரத்து வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும் என்பது முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த உப்பில் இருக்கும் குளோரைடு அலுமினியத்தை ஊசி குத்திய மாதிரி துளைத்துவிடும். போர் தண்ணீரும் வேண்டாம். சுண்ணாம்பு படிந்து குழாய் சுருங்கும். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு தண்ணீரை வாங்குங்கள், பெரிய விலை இல்லை. கலந்தே வரும் கூலன்ட்டில் மேலும் தண்ணீர் விடக்கூடாது. காருக்குச் சொன்ன வகையை மட்டும் ஊற்றுங்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு நிறம் போடுகிறது. பழையதை முழுக்க அலசி எடுக்காமல் வேறு வகையை ஊற்றினால் துருத் தடுப்பு மருந்துகள் ஒன்றையொன்று கெடுக்கும், சில சமயம் கூழாகும்.

ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் பொடி போடுவது பழைய லாரிக்காரர் வைத்தியம். நடுரோட்டில் நிற்கும்போது வீடு வந்து சேர உதவலாம். பழைய பித்தளை ரேடியேட்டரின் அகலமான குழாய்க்கு அது தாங்கும். இன்றைய அலுமினியக் கோரின் ஒடுங்கிய குழாயில் போனால் ஒழுகலோடு ஓட்டத்தையும் அடைத்துவிடும். மஞ்சள் போட்ட எஞ்சினில் புது ரேடியேட்டர் மாட்டுவதாக இருந்தால், எஞ்சின் பிளாக்கையும் ஹீட்டர் கோரையும் (காருக்குள் சூடு தரும் குட்டி ரேடியேட்டர்) நன்றாக அலசிய பிறகே மாட்டுங்கள்.

ஹீட்டர் என்றதும் நம்ம ஊரில் சிரிப்பார்கள். ஆனால் கூலன்ட் நிரப்பும்போது டேஷ்போர்டில் உள்ள ஹீட்டர் குமிழைச் சூட்டுப் பக்கம் முழுக்கத் திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சில கார்களில் ஹீட்டர் கோரில் காற்று தங்கிவிடும். காரின் மூக்கு உயர்ந்து நிற்கிற மாதிரி ஒரு ஏற்றத்தில் நிறுத்துங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஊற்றி, மூடியைத் திறந்தபடியே ஐடிலில் விட்டு, குமிழி நிற்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, பிறகு மூடி, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை காத்திருங்கள். சூட்டோடு மூடியைத் திறந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள், முகம் வெந்துபோகும்.

மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டேங்கில் மட்டத்தை மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். முதல் இரண்டு நாள் சற்று இறங்கும், உள்ளே இருந்த காற்று வெளியேறுகிறது. அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஹோஸ் கிளாம்புகளை ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு முறை இறுக்கிப் பாருங்கள்.

கடற்கரைச் சாலையில் அடிக்கடி ஓடும் கார் என்றால் மாதம் ஒரு முறை கோரை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் உப்புக் காற்றில் ஃபின்கள் வெள்ளை மாவாக உதிரும். தோட்டத்து ஹோஸ் போதும், எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையின் பிரஷர் கன்னை மட்டும் பக்கத்தில் கொண்டு போகவிடாதீர்கள். என் காரில் அந்தப் பையன் ஒரே வீச்சில் மடக்கிய ஃபின்களை நிமிர்த்த, ஊக்கும் பழைய பல்துலக்கும் பிரஷுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போர்ட்டிகோவில் உட்கார்ந்திருந்தேன்.