ஓ.டி. ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: தலைப்பு ஒன்று, அளப்பது வேறொன்று

ஆக்குபேஷனல் தெரபியில் (ஓ.டி.), அதாவது நோயோ பாதிப்போ உள்ளவர்களை அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் சிகிச்சையில், முதுநிலை படிப்பவர்கள் தீசிஸ் தலைப்பு தேடும் காலத்தில் இரண்டு சொற்கள் அடிக்கடி அடிபடும். ஒன்று பங்கேற்பு, அதாவது வாழ்க்கைச் சூழலில் ஒருவர் ஈடுபட்டிருப்பது. இன்னொன்று நரம்புசார் நடத்தை, அதாவது மூளையில் ஏற்பட்ட பாதிப்பு ஒருவர் சட்டை போடுவதிலும் சமைப்பதிலும் கடைக்குப் போவதிலும் எப்படி வெளிப்படுகிறது என்பது. இரண்டிலும் செய்ய வேண்டிய வேலை மலைபோல் கிடக்கிறது. ஆனால் பல ஆய்வுத் திட்டங்களில் தலைப்பு ஒன்றைச் சொல்லும், கையில் எடுத்த அளவுகோல் வேறொன்றை அளந்துகொண்டிருக்கும். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவைதான்.

பார்தெல் 100, பந்தியில் ஆள் இல்லை

பங்கேற்பு என்று தலைப்பு வைத்துவிட்டு பார்தெல் அளவுகோலால் அளப்பது எல்லாவற்றிலும் பொதுவான தவறு. 1965-இல் வெளிவந்த அந்த அளவுகோலில் 10 அம்சங்கள்: சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை, நடப்பது, படியேறுவது என்று எல்லாம் அன்றாடத் தேவைகள். மொத்தம் 100 மதிப்பெண். ஒருவர் இன்னொருவரை எவ்வளவு சார்ந்திருக்கிறார் என்று சொல்ல அது நல்ல கருவி. அதற்கு மேல் அதைச் சுமக்க வைக்கக் கூடாது.

ஐம்பது வயதில் வலப்பக்கம் வாதம் வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு வருடத்தில் நன்றாகத் தேறிவிட்டார். இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுகிறார், தானே குளிக்கிறார், கைப்பிடியைப் பிடித்துப் படியேறுகிறார். பார்தெலில் 100-க்கு 100. ஆனால் சொந்தத்தில் கல்யாணம் என்றால் போவதில்லை. மகனிடம் மொய்க் கவரைக் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார். பந்தியில் நாலு பேர் பார்க்க இடது கையால் சாப்பிடக் கூச்சம், அவ்வளவுதான். அவருடைய கை இயக்கத்தை இன்னும் பத்து சதவீதம் கூட்டுகிற சிகிச்சையை விட, உட்காரும் இடம், உடன் யார் இருப்பது, எதைத் தட்டில் வாங்குவது என்று அவரோடு பேசித் தீர்க்கும் சிகிச்சை அவரைப் பந்திக்குக் கொண்டுவரலாம். ஆனால் பார்தெலை மட்டும் வைத்து ஆய்வு செய்தால் இந்தச் சிகிச்சையால் எந்தப் பயனும் இல்லை என்றுதான் முடிவு வரும். ஏற்கெனவே 100-இல் இருப்பவர் எங்கே ஏறுவார்?

உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட ஐ.சி.எஃப். வகைப்பாடு இதைத் தெளிவாகவே பிரித்துவைத்திருக்கிறது. ஒரு செயலைச் செய்து முடிப்பது செயல்பாடு; வாழ்க்கைச் சூழலில் ஈடுபட்டிருப்பது பங்கேற்பு. அதே வகைப்பாட்டில் இன்னொரு பிரிவினையும் உண்டு: ஒருவரால் என்ன முடியும் என்பது ஒன்று, தன் சூழலில் அவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பது வேறு. நம் வீடுகளில் இந்த இரண்டுக்கும் இடைவெளி பெரிது. மாமனாரால் தானே சாப்பிட முடியும். ஆனால் மருமகள் ஊட்டிவிடுகிறார், ஏனென்றால் அப்படிச் செய்யாவிட்டால் உறவினர் பேசுவார்கள். வார்டில் செய்துகாட்டச் சொல்லி மதிப்பெண் போட்டீர்களா, வீட்டில் நடப்பதைக் கேட்டு மதிப்பெண் போட்டீர்களா என்று ஆய்வேட்டில் எழுதாவிட்டால், உங்கள் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

குழந்தைகள் ஆய்வில் இதே தவறு வேறு உருவில் வரும். மூளைவாதம் உள்ள குழந்தை பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்ததா என்று கேட்டு, ‘வந்தது’ என்று டிக் அடிப்பது. குழந்தை மேடையோரத்தில் சக்கர நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தது. ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டின் இம்ஸ் குழுவினர் பங்கேற்பை வருகை, ஈடுபாடு என்று இரண்டாகப் பிரித்தது இதற்காகத்தான். வருகையை எண்ணுவது சுலபம் என்பதற்காக அதோடு நிறுத்திவிடக் கூடாது.

நாட்டிங்காம் சொல்லும் பாடம்

அளவுகோலைத் தேர்ந்தெடுப்பதில் எவ்வளவு விஷயம் அடங்கியிருக்கிறது என்பதற்கு இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பிப் லோகன் தலைமையில் நடந்த ஆய்வுகளை முழுதாகப் படிக்க வேண்டும். பக்கவாதம் வந்து வீட்டில் வசிப்பவர்கள் 168 பேர். ஒரு குழுவுக்குப் போக்குவரத்து பற்றிய துண்டுப் பிரசுரங்கள் மட்டும். மற்ற குழுவுக்கு ஓ.டி. சிகிச்சையாளர் ஒருவர் வீட்டுக்கே போய், பஸ் ஏறுவது, தெருவைக் கடப்பது, கூட யாரை அழைத்துப் போவது என்று கூடவே நடந்து பழக்கினார். முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்று: நீங்கள் விரும்புகிற அளவுக்கு வெளியே போய்வருகிறீர்களா? நான்கு மாதத்தில், பயிற்சி பெற்றவர்கள் ‘ஆம்’ என்று சொன்ன விகிதம் மற்றவர்களைப் போல 1.72 மடங்கு. முந்தைய மாதம் வெளியே போன தடவைகளின் இடைநிலை அளவு பயிற்சி பெற்ற குழுவில் 37, மற்ற குழுவில் 14. 2004-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது.

அப்புறம் அதையே பல மையங்களில் 568 பேரிடம் செய்து பார்த்தார்கள். 2014-இல் முடிவு வெளிவந்தது. இம்முறை முதன்மை அளவாக எடுத்தது எஸ்.எஃப்.-36 என்ற பொதுவான வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளின் சமூகச் செயல்பாட்டுப் பகுதியை. அந்தப் பகுதியில் இரண்டே கேள்விகள்: உடல்நலமோ மனநிலையோ உங்கள் சமூக நடவடிக்கைகளுக்கு எவ்வளவு, எத்தனை நேரம் இடைஞ்சலாக இருந்தது என்பது போல. இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் வெளியே போய்வந்த தடவைகளை எண்ணியபோது பயிற்சி பெற்றவர்களே அதிகம் போயிருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு, அளவுகோலை மாற்றியதால்தான் தோற்றது என்று முடிவுகட்டுவதும் அவசரம்தான். வெளியே போவதைப் பழக்கிவிட்டு வெளியே போனதை எண்ணினால், சொல்லிக்கொடுத்த பாடத்திலேயே தேர்வு வைத்த மாதிரி ஆகிவிடாதா என்று எதிர்த்தரப்பு கேட்கும், நியாயமான கேள்வி. என் கணிப்பில், எண்ணிக்கையும் வேண்டும், ‘விரும்புகிற அளவுக்கு’ என்கிற அந்தத் திருப்தியும் வேண்டும், பொதுவான வாழ்க்கைத் தர அளவுகோல் இரண்டாம் இடத்தில் இருந்தால் போதும். எதை முதன்மை அளவாக வைப்பது என்பது தரவு வருவதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டியது. கடைசியில் எது ஜெயித்ததோ அதை முதன்மை ஆக்குவது மோசடி, அதற்கு நாகரிகமான பெயர் எதுவும் கிடையாது.

நம் நாட்டிலேயே ‘அட்டெண்ட்’ ஆய்வு இருக்கிறது: 14 மருத்துவமனைகள், 1250 பக்கவாத நோயாளிகள், 2017-இல் லான்செட்டில் வந்தது. குடும்பத்தினருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களே வீட்டில் மறுவாழ்வுப் பயிற்சி தந்தார்கள். ஆறு மாத முடிவில் இறப்பு அல்லது பிறரைச் சார்ந்திருத்தல் என்கிற அளவில் பலன் தெரியவில்லை. வீட்டில் கொடுக்கும் சிகிச்சை வீண் என்று இதை மேற்கோள் காட்டுபவர்கள் உண்டு. அது சோதித்தது குடும்பத்தார் தந்த பயிற்சியை, அதுவும் வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாக. ஓ.டி. சிகிச்சையாளர் நேரில் வந்து செய்வதை அல்ல. தீசிஸில் இதை எடுத்தாளும்போது இந்த வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

மேசையில் ஜெயித்து, தெருவில் தோற்பவர்கள்

நரம்புசார் நடத்தை பக்கம் வந்தால், பெரிய தவறு காகிதத் தேர்வை வாழ்க்கை என்று நம்புவது. லண்டனில் ஷாலிஸ், பர்ஜஸ் இருவரும் 1991-இல் எழுதிய ஆய்வில் தலையில் அடிபட்டு மூளையின் முன்மடல் பாதிக்கப்பட்ட மூன்று பேர் வருகிறார்கள். புத்திக்கூர்மைத் தேர்வுகளில் நல்ல மதிப்பெண். ஆனால் அன்றாட வாழ்க்கை குழறுபடி. ஆய்வாளர்கள் அவர்களைக் கடைத்தெருவுக்கு அழைத்துப்போனார்கள். சில பொருட்கள் வாங்க வேண்டும், சில தகவல்களைத் திரட்டி எழுத வேண்டும், குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட இடத்தில் இருக்க வேண்டும். காசு முடிந்தவரை குறைவாகச் செலவாக வேண்டும், வாங்குவதற்கல்லாமல் கடைக்குள் நுழையக் கூடாது என்று விதிகள். மேசையில் ஜெயித்தவர்கள் அங்கே தடுமாறினார்கள். நம் ஊரில் இன்றும் மோகா என்ற சிறு அறிவாற்றல் தேர்வில் மதிப்பெண் 26-ஐத் தொட்டால் ‘அறிவாற்றல் இயல்பு’ என்று எழுதி ஆய்விலிருந்து அவர்களை ஒதுக்கிவிடுகிறோம்.

தலைகீழாகவும் நடக்கும். உடுத்துவதற்கு உதவி தேவை என்று மட்டும் பதிந்துவிட்டு, ஏன் தேவை என்று பார்க்காமல் விடுவது. சட்டை போடும் ஒருவரை ஐந்து நிமிடம் கவனித்தால் போதும். இடது கையை நுழைக்காமலே பொத்தான் போட ஆரம்பிக்கிறாரா? கைக்குரிய துவாரத்தில் தலையை விடுகிறாரா? சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, நாம் சொல்லும்வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறாரா? ஒரே பொத்தானைப் போட்டுக் கழற்றி மறுபடி போடுகிறாரா? நான்கிலும் ‘உதவி தேவை’ என்ற ஒரே மதிப்பெண்தான். ஆனால் ஒன்று ஒருபக்கப் புறக்கணிப்பை (ஒரு பக்கத்தில் இருப்பதைக் கவனிக்காமலே விடுவதை) காட்டலாம், ஒன்று உடல், வெளி பற்றிய குழப்பத்தை, ஒன்று தொடங்குவதில் உள்ள சிக்கலை, ஒன்று செய்ததையே செய்துகொண்டிருப்பதை. சிகிச்சையும் நான்கு விதம். ஐஸ்லாந்தின் குட்ருன் அர்னாடோட்டிர் உருவாக்கிய ஏ-ஒன் மதிப்பீடு இந்த இடத்தில்தான் நிற்கிறது: சட்டை போடுவது, முகம் கழுவுவது, சாப்பிடுவது ஆகியவற்றில் வரும் பிழைகளைப் பார்த்து மூளைச் செயல்பாட்டை ஊகிக்கிறது. அதற்கு முறையான பயிற்சி வேண்டும். யாரோ கொடுத்த ஜெராக்ஸ் படிவத்தை வைத்து மதிப்பெண் போட்டால் அது வேறு ஏதோ ஒரு மதிப்பீடு.

ஒருபக்கப் புறக்கணிப்பை ஆராய்பவர்கள் நோயாளி சொல்வதை மட்டும் நம்பினால் கதை முடிந்தது. இலையின் இடது மூலையில் வைத்த ஊறுகாயைத் தொடாமலே, “ஊறுகாய் வைக்கலையே” என்று கேட்பவர் தனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை என்றுதான் சொல்வார். கேத்தரின் பெர்ஜெகோ அளவுகோல் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறது. 10 அன்றாடச் சூழல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. சிகிச்சையாளர் பார்த்து மதிப்பெண் போடுவார், அதே கேள்விகளை நோயாளியிடமும் கேட்பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தன் குறையை அவர் எவ்வளவு உணரவில்லை என்பதைக் காட்டிவிடும். இத்தகைய உணர்வின்மை உள்ளவர்களிடம் கனடாவிலிருந்து வந்த சி.ஓ.பி.எம். போன்ற சுயமதிப்பீட்டுக் கருவியை எடுத்துப்போவதானால் யோசித்துச் செய்ய வேண்டும். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவுக்காகப் பதில் சொல்லி நிரப்பிய சி.ஓ.பி.எம். படிவங்களையும் பார்த்திருக்கிறேன். அது மகளின் கவலைப் பட்டியல். தனியாகப் பயன்படலாம், அப்பாவின் கணக்கில் சேராது.

ஓட்ஸ் கஞ்சியும் காசோலையும்

செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கரோலின் பாம் குழு உருவாக்கிய ஈ.எஃப்.பி.டி. தேர்வு, திட்டமிட்டுச் செயல்படும் திறனை நிஜ வேலைகளில் சோதிக்கிறது: ஓட்ஸ் கஞ்சி காய்ச்சுவது, போன் செய்வது, மாத்திரை எடுப்பது, பில் கட்டுவது. அருமையான கருவி. ஆனால் அறுபது வயதுத் தாத்தாவிடம் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சச் சொன்னால், அவர் தடுமாறுவது மூளை பாதிப்பாலா, வாழ்நாளில் அடுப்படிப் பக்கமே போகாததாலா? பில் கட்டுவதற்கு அங்கே காசோலை எழுத வேண்டும், இங்கே இ.பி. பில்லை மகன் ஜிபேயில் கட்டிவிடுகிறார்.

ஓட்ஸை எடுத்துவிட்டு ரவை உப்புமா போட்டால் தீர்ந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. உப்புமாவில் தாளிக்க வேண்டும், தண்ணீர் அளவு பார்க்க வேண்டும், கட்டி தட்டாமல் கிளற வேண்டும். படிகள் கூடிவிட்டன, சிரமம் மாறிவிட்டது. பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிடவே முடியாது. மாற்றினால், முதலில் உடல்நலமுள்ளவர்களிடம், ஆண் பெண் இருபாலரிடமும் செய்து பார்த்து, இரண்டு பேர் தனித்தனியே மதிப்பெண் போட்டு ஒத்துவருகிறதா என்று சரிபார்க்க வேண்டும். அதுவே ஒரு தீசிஸுக்குப் போதுமான வேலை, தயங்காமல் எடுக்கலாம்.

படிப்பறிவு இன்னொரு கண்ணி. பள்ளிக்கூடமே போகாத பாட்டி தேர்வில் 100-இலிருந்து ஏழேழாகக் கழிக்கத் தெரியாமல் நின்றால் அது மறதி நோய் ஆகாது. ‘10/66’ என்ற பெயருள்ள மறதி நோய் ஆய்வுக் குழு சென்னையிலும் வேலூரிலும் வேலை செய்தபோது, படிப்பு குறைந்தவர்களைத் தவறாக நோயாளி ஆக்காத கருவிகளைத் தேடியது இதனால்தான்.

சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின்

ஆய்வு வடிவமைப்பில் வரும் தவறுகள் எல்லாத் துறைக்கும் பொது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்து மூன்றாவது வாரத்தில் 20 பேரைச் சேர்த்து, ஆறு வாரம் சிகிச்சை கொடுத்து, முன் பின் மதிப்பெண்ணை ஒப்பிட்டு ‘சிகிச்சை பலனளித்தது’ என்று எழுதுவது. முதல் மூன்று மாதங்களில்தான் தன்னாலேயே தேறுவது அதிகம் நடக்கும். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் உங்கள் பங்கு எது, இயற்கையின் பங்கு எது என்று பிரிக்க வழியில்லை. ஒப்பீட்டுக் குழு இருந்தாலும், ‘வழக்கமான ஓ.டி.’ என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை நிமிடம், என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். சிகிச்சை கொடுத்தவரே பின்மதிப்பீடும் செய்தால் தேர்வுக்குழு கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். உடன் படிக்கும் ஒருவரைக் கெஞ்சியாவது மதிப்பிடச் சொல்லுங்கள்.

சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் ஆய்வு தொடங்கிய பிறகு செய்யும் பதிவை ஏற்பதில்லை. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கைக்கு வந்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள். கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள், அதற்கும் நாள் பிடிக்கும்.