வைக்கிங் கேரக்டருக்குப் பெயர் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் மாதிரி, ஆளுக்கொரு கேரக்டராக மாறிக் கதை சொல்லி ஆடும் ரோல்பிளே விளையாட்டுகளில் வைக்கிங் (பழங்கால ஸ்காண்டிநேவியக் கடலோடி) கேரக்டர் உருவாக்குபவர்கள் அதிகம். ஆனால் பெயர் வைப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

முதல் தவறு, கேரக்டர் பின்னாளில் என்ன ஆகப்போகிறதோ அதைப் பிறந்த பெயரிலேயே திணிப்பது. பெயர் வைப்பவர்கள் பெற்றோர். தொட்டிலில் கிடக்கும் பிள்ளை பெரியவனானதும் ரத்த வெறியனாகத் திரிவான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஐஸ்லாந்தின் பழைய உரைநடைக் கதையான எகில் சாகாவில் வரும் குடும்பத்தைப் பாருங்கள். தாத்தாவின் பெயர் உல்ஃப். ஓநாய் என்று பொருள். அங்கே அது சாதாரணப் பெயர்தான். பொழுது சாய்ந்தால் அவருக்குத் தூக்கமும் சிடுசிடுப்பும் வந்துவிடும். உருமாறுகிறவர் என்று ஊர் பேசியது. க்வெல்டுல்ஃப், அதாவது அந்தி ஓநாய் என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. மகன் கிரிமுக்கு 25 வயதிலேயே வழுக்கை. அவர் ஸ்கல்லாகிரிம், வழுக்கை கிரிம் ஆனார். இன்னொரு மகன் தோரோல்ஃப் அரசனோடு ஏற்பட்ட பகையில் கொல்லப்பட, கிரிம் தன் பிள்ளைக்கு அந்த அண்ணன் பெயரையே வைத்தார். பிறந்த பெயர் குடும்பத்தைச் சொல்கிறது, பட்டப்பெயர்தான் ஆளைச் சொல்கிறது.

எனவே கேரக்டரின் விவரங்களைக் குறித்துவைக்கும் கேரக்டர் தாளில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். பிறந்த பெயர் யார் நினைவாக வைத்தது? பட்டப்பெயரை யார், எந்தச் சம்பவத்துக்குப் பிறகு வைத்தார்கள்? அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கேரக்டருக்குப் பிடிக்குமா, கோபம் வருமா? மூன்றாவது கேள்விக்குப் பதில் இருந்தாலே கதையை நடத்தும் கேம் மாஸ்டருக்கு ஒரு காட்சி கிடைத்துவிடும். 'இரும்புக்கை', 'மரண வாள்' என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொள்ளும் கேரக்டர்தான் சீக்கிரம் சலிக்கும். வழுக்கை, தொந்தி, திக்குவாய் இவற்றிலிருந்து பிறக்கும் பட்டங்களே நிலைக்கும்.

அடுத்தது, அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்குவது. அப்பா பெயரோடு 'சன்' சேர்த்தால் மகன், 'டோட்டிர்' சேர்த்தால் மகள். சிவப்பு எரிக்கின் மகன் லீஃப் எரிக்சன். லீஃபின் மகன் தோர்கெல் லீஃப்சன். எரிக்கின் மகள் ஃப்ரெய்டிஸ், எரிக்ஸ்டோட்டிர். நம் இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது போலத்தான். ஆகவே தாத்தா, அப்பா, பேரன் மூவருக்கும் ஒரே 'எரிக்சன்' போட்டால் பெயர் பொய்யாகிவிடும். பெண் கேரக்டருக்குச் 'சன்' போடுவதும் அப்படியே. ஒட்டும்போது அப்பா பெயரின் வடிவமும் மாறும்: ஹரால்டின் மகன் ஹரால்ட்சன், ஸ்னோரியின் மகன் ஸ்னோராசன், சிகுர்டின் மகன் சிகுர்தர்சன்.

தோர், ஓடின் என்று கடவுள் பெயரை அப்படியே வைப்பதும் வேண்டாம். தோரை ஒரு பாதியாக வைத்துக் கட்டிய பெயர்கள்தான் அங்கே ஏராளம்: ஆணுக்குத் தோர்ஸ்டெய்ன், தோர்கிரிம், பெண்ணுக்குத் தோர்கெர்ட், தோர்டிஸ். இரண்டாம் பாதிதான் ஆணா பெண்ணா என்று காட்டும். ஸ்டெய்ன், பியோர்ன், உல்ஃப் என முடிந்தால் ஆண். ஹில்ட், டிஸ், ரூன், கெர்ட் என முடிந்தால் பெண். இரு பாதிகளையும் சேர்த்து ஒரு வாக்கியமாகப் பொருள் பிரிக்க முயலாதீர்கள். குன்ஹில்டில் இரண்டு பாதிக்குமே போர் என்றுதான் பொருள்!

'எட்டாவிலிருந்து (பழைய நார்ஸ், அதாவது ஸ்காண்டிநேவியப் புராணப் பாடல்களின் தொகுப்பு) எடுத்தேன்' என்று காந்தால்ஃப், தோரின் என வைப்பவர்களும் உண்டு. அதிலுள்ள வோலுஸ்பா பாடலின் குள்ளர் பட்டியலில் அந்தப் பெயர்கள் இருப்பது உண்மைதான். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனும் அங்கிருந்துதான் எடுத்தார். ஆனால் மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சினிமாதான் ஞாபகம் வரும்.

கடைசியாக, வாயில் நுழைகிறதா என்று பாருங்கள். பழைய வடிவத்தில் உல்ஃபுர், சிகுர்துர் என்பது போல ஒலிக்கும் ஈற்று 'ர்'-ஐ விட்டுவிடலாம். விட்டால் குழுவில் எல்லாப் பெயருக்கும் விடுங்கள். ஒரே குழுவில் தோர்கிரிம், தோர்கெல், தோர்ஸ்டெய்ன் மூவரும் இருந்தால் சண்டையில் யார் முறை என்றே தெரியாது. முதலெழுத்து வேறாக இருக்கட்டும். ஸ்கூலி அசல் நார்ஸ் பெயர்தான். ஆனால் நம் பசங்க முன்னால் அதை வைத்தால் முதல் ஆட்டத்திலேயே ஸ்கூல் பையன் ஆகிவிடுவான்.