தாதிமை இல்லத்தில் கலைநேரம்: கைவந்த வேலையிலிருந்து தொடங்குவது எப்படி

சிங்கப்பூரின் தாதிமை இல்லங்களில் மறதிநோயுள்ள தமிழ் முதியவர்களுக்குக் கலைநேரம் நடத்த விரும்பும் தாதியரும் தொண்டூழியர்களும், வண்ணப் பெட்டிகளை வாங்குவதற்கு முன் குடும்பத்தாரிடம் ஒன்றைக் கேட்டறிய வேண்டும்: இவருடைய கைகள் ஆண்டுக்கணக்கில் எதைச் செய்து பழகியவை? அண்மை நிகழ்ச்சிகள் முதலில் மறந்துபோனாலும், திரும்பத் திரும்பச் செய்து கைவந்த வேலை பெரும்பாலும் நெடுநாள் தங்கும். ஆகவே வாசலில் கோலமிட்டவருக்குக் கோலமும், பூக்கட்டியவருக்குப் பூவும், தச்சு வேலை பார்த்தவருக்கு உப்புத்தாளால் மரத்துண்டைத் தேய்ப்பதும் பொருந்தும். குழந்தைகளின் வண்ணம் தீட்டும் புத்தகத்தை எண்பது வயதுக்காரரிடம் நீட்டுவது, எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்தாலும், அவரைச் சிறுமைப்படுத்துவதாகவே எனக்குப் படுகிறது.

கோலத்துக்குக் கறுப்பு அட்டையை மேசைமேல் ஒட்டிக்கொள்ளுங்கள். வெளிர்நிற மேசையில் வெள்ளை மாவு முதிய கண்களுக்குத் தெரியாது. சிலர் கையில் கிடைப்பதை வாயில் போட்டுக்கொள்வதால், கடையில் விற்கும் வண்ணப்பொடியைத் தவிர்த்து அரிசி மாவையே பயன்படுத்துங்கள். மூன்றுக்கு மூன்று புள்ளியை நீங்களே வைத்து, முதல் இழையை மட்டும் இழுத்துக்காட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இரு விரல் நடுவே மாவைக் கிள்ளியெடுக்கும் அந்த அசைவு தானாக வரக்கூடும். வராவிட்டால், அவர் அனுமதித்தால், உங்கள் கையை அவர் கைக்கு அடியில் தாங்கலாம். இழை கோணினால் திருத்த வேண்டியதில்லை.

பூக்கட்டும்போது மல்லிகை, சாமந்தி போதும். மாலைகளில் சேரும் அரளி நச்சுள்ளது என்பதால் அதை இல்லத்துக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது. ஊசிக்குப் பதிலாக நார் கொடுங்கள். கொடுக்கும் பொருள்களை எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்குங்கள்.

பாடல்களை, அவர் ஏறத்தாழ பத்து முதல் முப்பது வயதுவரை கேட்டவற்றிலிருந்து தேர்ந்தெடுங்கள். 1945இல் பிறந்தவருக்கு அது 1955 முதல் 1975 வரையிலான காலம். தமிழ்ப் பாடல்களோடு நிறுத்த வேண்டாம். சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் படக்கூடத்தில் மலாய் நடிகரும் பாடகருமான பி. ராம்லி நடித்த காலத்தில் இங்கே வளர்ந்தவருக்கு மலாய்ப் பாட்டும் சொந்தப் பாட்டாக இருக்கலாம், பக்கத்து நாற்காலியில் இருக்கும் மலாய்ப் பாட்டியும் சேர்ந்து பாடலாம். முதல் அடியைப் பாடி நிறுத்துங்கள். “இது எந்தப் படம், நினைவிருக்கிறதா?” என்று கேட்டால் பாட்டு பரீட்சையாகிவிடும். பாட்டு துக்கத்தைக் கிளறி அவர் அழுதால், உடனே பேச்சை மாற்றாமல் அருகில் அமர்ந்து கேளுங்கள்; கலக்கம் கூடினால் மட்டும் பாட்டை நிறுத்துங்கள்.

மாலையில் பலருக்கு மனக்கலக்கம் அதிகரிப்பதால் காலைப் பசியாறலுக்குப் பிந்தைய வேளையே ஏற்றது. ஆறேழு பேர், அரைமணி முதல் முக்கால்மணி நேரம் போதும். தொலைக்காட்சியை அணைத்து, கண்ணாடியும் செவிப்புலன் கருவியும் அணிந்திருக்கிறார்களா என்று பார்த்த பிறகு, அவரவர் விரும்பும்படி அம்மா என்றோ ஐயா என்றோ அழைத்துத் தொடங்குங்கள். வேடிக்கை பார்ப்பவரும் பங்கேற்பவரே.

இவற்றால் நோய் குணமாகாது, குடும்பத்தாரிடம் அப்படி நம்பிக்கை ஊட்டவும் கூடாது. வரைந்தது எவ்வளவு அழகு என்பதைவிட, யார் எதைக் கையிலெடுத்தார், எந்தப் பாட்டுக்கு முகம் மலர்ந்தது, எப்போது எழுந்து போனார் என்பதைப் பராமரிப்புக் குறிப்பில் இரண்டு வரி எழுதுங்கள். குளிக்க மறுக்கும் நாளில், தமிழ் தெரியாத தாதிகூட அந்தப் பாட்டைப் போட்டுப் பார்க்கலாம்.